நாலாம் பிறைக்குக் கீழே ஒரு வெளிச்சம்

“நீங்கள் பார்த்தீர்களா?” என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஒருமுறை எங்கள் கட்டடத்தில் திருடன் புகுந்தபோது, நீலச் சட்டை போட்ட ஆள் படியிறங்கி ஓடியதைப் பார்த்தீர்களா என்று போலீஸ்காரர் என்னை விசாரித்தார். நீலமாக ஏதோ ஒன்று போயிற்று, அது சட்டைதானா, சட்டைக்குள் ஆள் இருந்தானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. என் பெண்ணுக்கு இதில் ஏக அவமானம். என்ன செய்வது? இது எனக்கு ஒன்பது வயதில் பம்பாய் மாட்டுங்காவில் பிடித்த வியாதி. இனிமேல் போகாது.

அப்போது யுத்த காலம். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது, அடுத்தது பம்பாய்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். சாயங்காலம் விளக்கேற்றினால் அதன் தலையில் ஒரு தகர மூடியைக் கவிழ்த்தாக வேண்டும். ஒரு கீற்று வெளியே தெரிந்தாலும் மூன்றாம் மாடி மாமா கீழே நின்று, “பத்தி பந்த்! பத்தி பந்த்!” என்று விளக்கை அணைக்கச் சொல்லிக் கத்துவார். அவர் பகலில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுபவர். இருட்டினால் விமானத் தாக்குதலுக்குக் காவல் இருக்கும் வார்டன். தலையில் இரும்புத் தொப்பி, கழுத்தில் ஊதல். வானத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது அவருடைய கடமை என்று அவரே அடிக்கடி சொல்லுவார்.

அந்தக் கோடையிலேயே மாட்டுங்கா பாதி காலி. கிடைத்த ரயிலில் ஏறிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் ஐந்தாறு வீடுகளின் சாவி எங்கள் ஆணியில் தொங்கியது. அவர்களுடைய துளசிச் செடிகளுக்கெல்லாம் நான்தான் தண்ணீர் விட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் புதிதாக ஆள் வந்தது. ரங்கூனிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்த குடும்பம் அது. அந்த வீட்டு மாமி அதிகம் பேச மாட்டாள். பேசினால், முதலில் வானத்தில் ஒரு விளக்கு வரும், சத்தமே இருக்காது, அப்புறம்தான் குண்டு விழும் என்பாள். அதைச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். கேட்டவர்களுக்குத்தான் அன்றைய சாப்பாடு இறங்காது.

நாங்கள் ஊருக்குப் போகாததற்குக் காரணம் அம்மா. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முந்தைய தடவை பிரசவத்துக்கென்று பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். ராய்ச்சூர் தாண்டியதும் அவளுக்கு வலி கண்டது. குழந்தை வண்டியிலேயே போய்விட்டது. அப்பா ஏதோ ஒரு ஸ்டேஷனில் வெந்நீருக்காகச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அம்மா பலகையில் படுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதும்தான் எனக்கு ஞாபகம். இந்தத் தடவை தாதரில் இருந்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். படுத்தே இருக்க வேண்டும், படி இறங்கக் கூடாது, ரயில் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

அப்பாவுக்கு இரண்டு பயம். ஒன்று குண்டு, இன்னொன்று ரயில். எது பெரியது என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. காலையில் பேப்பரைப் படித்துவிட்டு “போயிடலாம்” என்பார். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு “வேண்டாம்” என்பார். அவருடைய சிநேகிதர் ஒருவர் ரயில்வேயில் இருந்தார். எப்போது கேட்டாலும் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வசதி இல்லாமலிருந்தால் அப்பா நிம்மதியாக இருந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் நாலாவது ஆள் சித்தப்பா. அப்பாவின் தம்பி. காலேஜில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தார். எதையும் நம்ப மாட்டார். காபியில் சர்க்கரை போட்டாகிவிட்டதா என்று கேட்டால், “போட்டதா மன்னி சொல்றா” என்பார். மழை பெய்கிறதா என்று கேட்டால் கையை வெளியே நீட்டிப் பார்த்து, “நேக்கு நனையறாப்பல இருக்கு” என்பார். இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அப்பா கவலைப்படுவார். கொடுத்தாலும் இது பெண்தானா என்று கேட்பான் என்று அம்மா படுத்தபடியே சிரிப்பாள். அந்த வருஷம் அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அவர்தான்.

இனி விநாயக சதுர்த்திக்கு வருகிறேன். அன்று நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் செய்யாத குற்றத்துக்குப் பழி வரும். எங்கள் கட்டடத்தில் இதை மீற யாருக்கும் துணிச்சல் கிடையாது. பொழுது சாய்ந்தால் பெரியவர்களும் குழந்தைகளும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார்கள். சித்தப்பா மட்டும் வருஷா வருஷம் வேண்டுமென்றே தெருவில் நின்று பிறையைப் பார்த்துவிட்டு வருவார். வந்து, “பாத்தாச்சு மன்னி, இனிமே யார் வேணும்னாலும் பழி போடலாம்” என்று அறிவிப்பார். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

அன்று பகல் முழுக்க மழை. நாலு மணிக்கு மேல் வெளுத்தது. மொட்டைமாடியில் துணி உலர்த்தியதை எல்லோரும் மறந்துபோனோம். பூஜை முடிந்து, கொழுக்கட்டை தின்று, வெளியே மங்கலான பிறகுதான் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. என்னை அனுப்பினாள். “தரையைப் பாத்துண்டே போ, தரையைப் பாத்துண்டே வா” என்று இரண்டு தடவை சொன்னாள். நான் அப்படித்தான் போனேன். கொடியில் கையால் தடவித் தடவித் துணிகளை உருவினேன். தலையைத் தூக்கவே இல்லை.

ஆனால் தரையெல்லாம் தண்ணீர். மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் பிறை கிடந்தது. நகத்தை வெட்டிப் போட்டது மாதிரி இருந்தது. தண்ணீரில் பார்த்தால் பார்த்ததாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை எடுப்பதற்குள், பிறைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். நட்சத்திரத்தை விடப் பெரிது. அப்போது நான் தலையைத் தூக்கிவிட்டேன்.

அது மாஹிம் பக்கம், பிறைக்குக் கொஞ்சம் கீழே, எதிலும் தொங்காமல் நின்றது. சத்தம் இல்லை. மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. மறுபடி நின்றது. பிறகு யாரோ திரியை இறக்கியது போலச் சிறுத்துச் சிறுத்து அணைந்துபோயிற்று. எனக்கு ரங்கூன் மாமியின் குரல்தான் கேட்டது. துணிகளைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி வெளிச்சத்தைப் பற்றியது அல்ல.

“மேல பாக்காதேன்னு சொன்னேனேடி! பிறையைப் பாத்தியா?”

“மொதல்ல தண்ணிலதான் பாத்தேன்.”

“கேட்டேளா, தண்ணில பாத்தா தோஷம் உண்டோ?” என்று அவள் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பிறையைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. “எந்தப் பக்கம்? எத்தனை நாழி இருந்துது? சத்தம் கேட்டுதா?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சத்தம் கேட்கவில்லை என்று நான் சொன்னதும் இன்னும் வெளுத்தார். மூன்றாம் மாடி மாமாவை அழைத்து வந்தார்கள். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். வேவு விமானம்தான், வெளிச்சத்தைத் தொங்கவிட்டுக் கீழே இருப்பதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்றார்.

“நீங்க பாக்கலியா?” என்று அப்பா கேட்டார்.

மாமா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னிக்குச் சதுர்த்தியாச்சே, ஓய்” என்றார்.

வானத்தைக் கவனிக்க வேண்டியவரே அன்று முழுக்கப் படிக்கட்டைத்தான் கவனித்திருக்கிறார். கட்டடத்தில் மட்டும் இல்லை, எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, மராத்திக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் அதே கதை. வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் ஊர் முழுக்க மேலே பார்க்காமல் இருக்கும். அந்தச் சாயங்காலம் பார்த்துத்தான் அது வந்தது. சாட்சிக்கு நான் ஒருத்திதான் மிஞ்சினேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா மடக்கிய குடையோடு உள்ளே வந்தார். காலேஜிலிருந்து ரயில்வே பாலத்தைத் தாண்டி நடந்து வந்ததாகச் சொன்னார். அம்மா பயந்துகொண்டே, “நீயும் பாத்துட்டுத்தானே வந்திருக்கே?” என்று கேட்டாள்.

“இல்லே மன்னி. இந்த வருஷம் நான் மேலேயே பாக்கலே” என்றார்.

அம்மா இருக்கும் நிலைமைக்காக அவர் வம்பை விட்டுவிட்டார் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அம்மா அவரையும் என்னையும் உட்கார வைத்து சியமந்தக மணிக் கதையைச் சொன்னாள். நாலாம் பிறையைப் பார்த்தவர்களுக்கு அதுதான் பரிகாரம். மணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவன் காட்டுக்குப் போனான். திரும்பி வரவில்லை. கிருஷ்ணன் ஏற்கெனவே அந்த மணியைக் கேட்டவன். ஆகவே அவன்தான் கொன்றிருப்பான் என்று துவாரகை முழுக்கப் பேசிற்று. கடைசியில் பார்த்தால் சிங்கம் அடித்திருந்தது. சித்தப்பா வழக்கமாக இந்தக் கதையின் நடுவில் குறுக்கே பேசுவார். அன்று பேசாமல் கேட்டார். முடிந்ததும் மட்டும், “பாத்தவா யாரும் இல்லை. அவாவாளே முடிச்சுப் போட்டுண்டா” என்றார்.

மறுநாள் காலையில் தாராவியிலிருந்து கரிக்காரர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “சேதி தெரியுமா சாமி? நேத்து பொழுதடைய மாஹிம் பக்கம் மூணு வெளிச்சம் வந்து நின்னுச்சாம்லா. ஒரு பொட்டப்புள்ள அதைப் பாத்துட்டு மயங்கி விழுந்துட்டுதாம். இன்னும் கண்ணு முழிக்கலன்னு சொல்லுதாவ” என்றார்.

அப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. “கேட்டியா? அங்கேயும் பாத்திருக்கா!” என்று சித்தப்பாவிடம் கத்தினார். அரை மணியில் கிளம்பி ரயில்வே சிநேகிதரைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் சாயங்கால வண்டிக்கு இடம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எனக்கு அந்த முதுகு தெரிந்த முதுகு. ரயில் பலகையில் பார்த்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டார். “வா, அந்த மயங்கி விழுந்த பொண்ணைப் பாத்துட்டு வரலாம்” என்றார்.

பாலத்தைத் தாண்டித் தாராவிக்கு நடந்தோம். தோல் ஊறும் நாற்றத்துக்கு நான் பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கரிக்காரருக்குச் சேதி டீக்கடையில் கிடைத்ததாம். டீக்கடைக்காரர் பாய், தோல் ஷாப்பில் வேலை செய்யும் தன் மச்சான்தான் சொன்னதாகச் சொன்னார். மச்சானைத் தேடிப் போனோம். “நான் எங்க பாத்தேன்? துணி வெளுக்கிறவரு சொன்னாரு” என்றார். எல்லோரும் நிச்சயமாகப் பேசினார்கள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. சித்தப்பா ஒவ்வொருவரிடமும், “நீங்களே பாத்தேளா? உங்க கண்ணால?” என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. பார்த்தேன் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தவிப்பது போல இருந்தது. அப்போது எனக்கு அது விசித்திரமாகத்தான் பட்டது.

துணி வெளுப்பவர் கடைசியில் அகப்பட்டார். அவர் அன்று காலை மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறார். அங்கே ஒரு மாமி சொன்னாளாம். எந்த வீடு என்று கேட்டோம். தலையில் இரும்புத் தொப்பி போடுகிற ஐயர் வீடு என்றார்.

ஆக, மயங்கி விழுந்த பெண் நான்தான். இன்னும் கண் விழிக்காதவளும் நான்தான். என் ஒரு வெளிச்சம் பாலம் தாண்டிப் போய், மூன்றாகப் பெருகி, கரிமூட்டையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிஜமாகவே மயங்கித்தான் விழுந்தேனோ என்று சந்தேகமாக இருந்தது. சித்தப்பாவும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் பெட்டி படுக்கை கட்டிக் கிடந்தது. இடம் கிடைத்துவிட்டது. அப்பா கூஜாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடி மாமாவும் வந்திருந்தார். துணி வெளுப்பவர் கதையைச் சித்தப்பா சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“சரி, அவன் கதையை விடு. கொழந்தை பாத்தது பொய்யா?” என்று கேட்டார்.

“பொய்னு யார் சொன்னா? என்ன பாத்தாள்னுதான் கேக்கறேன்.”

“கயிறா பாம்பான்னு நின்னு விசாரிச்சுண்டிருந்தா கடிச்சுடும்டா. பாம்புன்னே வெச்சுண்டு ஓடறதுதான் புத்தி.”

“அந்தக் கதையில யாராவது விளக்கு கொண்டுவருவா மாமா. கயிறுன்னு தெரிஞ்சுடும். இந்த ஊர்ல விளக்கை ஏத்தினா நீங்கதான் பந்த் பண்ணச் சொல்றேளே” என்றார் சித்தப்பா.

அப்பா கூஜாவை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “கொழந்தே, நீ சொல்லு. அது ப்ளேன்தானே? ஆமான்னு நீ சொன்னா நாளைக்கு வண்டியேறறோம். இல்லைன்னா இல்லை” என்றார். பெரியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அம்மா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். கோர்ட்டில் வக்கீல் கேட்பது மாதிரி ஆரம்பித்தார்.

“றெக்கை பாத்தியா?”

“இல்லே.”

“சத்தம்?”

“இல்லே.”

“தூரத்துல பெரிசா இருந்துதா, கிட்டத்துல சின்னதா இருந்துதா?”

நான் யோசித்தேன். “தெரியலே.”

“அது நகந்துதா, இல்லை அதும் பின்னால மேகம் நகந்துதா?”

நகர்ந்தது அதுதான் என்று அதுவரை நிச்சயமாக இருந்தேன். அவர் கேட்டதும் மேகமும் நகர்ந்தது போலத் தோன்றியது. “தெரியலே” என்றேன்.

“குயவர் சூளை நெருப்பா இருக்கலாமா? பட்டத்துல யாராவது விளக்கு கட்டி விட்டிருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“ரெண்டாம் தடவை எரிஞ்சுதே, அப்போ செவப்பா, வெள்ளையா?”

“ரெண்டாம் தடவையா? ஒரு தடவைதானே எரிஞ்சுது. அணைஞ்ச ஒடனே நான் ஓடி வந்துட்டேன்.”

சித்தப்பா என்னை விட்டுப் படுக்கைக் கட்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமாம், ஒரு தடவைதான்” என்றார். நான் அவ்வளவு சிரத்தையாகச் சொன்னதை அவர் சரியாகக் கேட்கவே இல்லை என்று எனக்கு ரோஷம் வந்தது.

“கடைசியாக் கேக்கறேன். அது என்ன?”

“தெரியாது” என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அதுவரை எனக்குத் தெரியும் என்று இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒன்றும் தரவில்லை.

“கொழந்தையைக் கொழப்பிட்டே” என்று மாமா சித்தப்பாவைத் திட்டினார். அப்பா தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். தெரியாது என்பது ஆமாமா, இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை.

அம்மாதான் பேசினாள். மற்றவர்கள் எதிரில் அப்பாவிடம் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. “கேட்டேளா, அது என்னன்னு ஒருத்தருக்கும் தெரியலை. ரயில் என்னன்னு நேக்குத் தெரியும். தெரியாததுக்குப் பயந்துண்டு நான் அதுல ஏற மாட்டேன்” என்றாள். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, படுக்கைக் கட்டின் வாரை அவிழ்த்தார்.

நாங்கள் போகவில்லை. அத்தோடு பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எனக்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. சைரனை அவ்வப்போது ஊதிப் பார்ப்பார்கள். அது ஊதும்போதெல்லாம் நான் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். குண்டு விழுந்தால் அது நான் ‘தெரியாது’ என்று சொன்னதால்தான் விழும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா பாலக்காட்டில் பத்திரமாக இருந்திருப்பாள். இல்லை, ரயிலில் இருந்திருப்பாள். அதற்கு மேல் யோசிக்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்வேன். ரங்கூன் மாமியைப் படியில் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவேன். சாதம் இறங்கவில்லை. குழந்தைக்குப் பூச்சித் தொல்லை என்று அப்பா மருந்து வாங்கி வந்தார்.

இதற்கெல்லாம் காரணமான சித்தப்பாவோ கவலையே இல்லாமல் இருந்தார். அவருக்குப் பரீட்சை நெருங்கியது. தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு தடிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வார். தூறல் போட்டால் குடை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அரை மனதாக இறங்கி வருவார். பரவாயில்லை, பையனுக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அப்பா திருப்திப்பட்டார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. என் நிம்மதியைக் கெடுத்துவிட்டு இவர் எப்படிக் காற்று வாங்கிக்கொண்டு படிக்கிறார் என்று பொருமினேன். பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழை நின்று, குளிர் தொடங்கிய ஒரு காலையில் என் தம்பி பிறந்தான். டாக்டரம்மா குழந்தையைத் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா அவனைச் சித்தப்பாவிடம் நீட்டி, “இது கொழந்தைதானேடா? பாத்துச் சொல்லு” என்று கேட்டார். சித்தப்பா குழந்தையை வாங்கிக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. மழை பெய்கிறதா என்று கை நீட்டிப் பார்க்கிறவருக்கு இவ்வளவு அழுகை எங்கிருந்து வருகிறது என்று நான் ஆச்சரியப்பட்டேன். அன்று சாயங்காலம் அவர் மொட்டைமாடிக்குப் போகவில்லை. மறுநாள் முதல் மறுபடி போனார்.

குண்டு விழவில்லை. அதனால் அந்த வெளிச்சம் விமானம் இல்லை என்று ஆகிவிடாது. அதைச் சித்தப்பாவே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பிற்பாடு வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கேயே சின்ன வயதில் காலமானார். அவரிடம் கேட்க வேண்டியது எனக்குத் தோன்றியபோது கேட்பதற்கு அவர் இல்லை. வருஷா வருஷம் பிறையைப் பார்ப்பவர் அந்த வருஷம் மட்டும் ஏன் மேலேயே பார்க்கவில்லை என்றார்? நான் ஓடி வந்த பிறகு அது இரண்டாம் தடவை எரிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அவரும் அந்தப் பாலத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் அம்மா அந்த ரயிலில் ஏறியிருப்பாள். ‘நினைக்கிறாய், தெரியுமா?’ என்று அவர் குரல் உடனே குறுக்கே கேட்கிறது. தெரியாது சித்தப்பா. நானாகத்தான் முடிச்சுப் போடுகிறேன்.

ஆனால் அந்தச் சாயங்காலங்கள் நான் கண்ணால் பார்த்தவை. ஊரெல்லாம் விளக்கை மூடியிருக்கும். மொட்டைமாடியில் தீக்குச்சி கிழிக்கவும் அனுமதி கிடையாது. சித்தப்பா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாஹிம் பக்கமாக உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிடப் போகும்போது படியிலிருந்து எனக்கு அவர் உருவம் மங்கலாகத்தான் தெரியும். அந்த இருட்டில் அவர் எப்படிப் படிக்கிறார் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.